ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீரில் பிரியும்

போன மாதம் ஒரு கல்லூரியில் வேதியியல் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரையில் ஒரு மூலக்கூறை வரைந்து ஒரு பட்டனைத் தட்டினாள். அந்தப் பொருள் எத்தனாலில் எவ்வளவு கரையும் என்று ஒரு நம்பர் வந்து நின்றது. "உங்க காலத்துல இதை எப்படி மேடம் கணிச்சீங்க?" என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருள் ஆல்கஹாலில் கரையுமா, எவ்வளவு கரையும், தண்ணீர் சேர்த்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் முப்பது வருஷத்துக்கு மேல் என் பிழைப்பு. கேட்பதற்கு சாதுவான வேலை. ஆனால் யாரையும் எளிதில் நம்பாத குணம் எனக்கு அந்த வேலையில்தான் வந்தது. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் இரண்டு பொருள்களின் பெயரை எழுத மாட்டேன். நம்பர் மட்டும் போடுவேன். படிக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று எனக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எங்கள் ஊர் ஆரணி. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் தெருவில் நாங்களும் இன்னும் இரண்டு குடும்பமும்தான் தறி இல்லாத வீடு. வேலூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன். அங்கேயே லேபில் கொஞ்ச காலம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குத் திரும்பியபோது, ரைஸ் மில்களைத் தாண்டி ஊருக்கு வெளியே இருந்த பாலிஷ் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை காலி என்று அப்பாவிடம் யாரோ சொன்னார்கள்.

இன்டர்வியூ செய்தவர் சீஃப் கெமிஸ்ட் ஜெகந்நாதன். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி. சர்ட்டிஃபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை. வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டுகள் மூன்றில் மூன்று வெள்ளைத் தூளை வைத்து, ஒவ்வொன்றின் உருகுநிலையையும் மூலக்கூறு அமைப்பையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

"ஸ்பிரிட்ல எது அதிகமா கரையும்? தொடாம சொல்லுங்க."

சொன்னேன். கரைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. நாளைக்கே வாருங்கள் என்றார். வெளியே வரும்போது முதலாளி அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "பொம்பளைதான் நல்லது. மோந்து பாக்கும், குடிக்காது." அதை ஒரு சிக்கனக் கணக்காகத்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

பாலிஷ் என்றால் மரச் சாமானுக்குப் பூசுவது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்தால் பாலிஷ். அந்த ஸ்பிரிட்டில் ஏற்கெனவே விஷம் கலந்துதான் அரசாங்கம் கொடுக்கும், யாரும் குடிக்கக் கூடாது என்று. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. இருந்தும் குடித்தார்கள். பாலிஷில் தண்ணீரை ஊற்றினால் அரக்கு கட்டி கட்டியாகப் பிரிந்துவிடும். துணியில் வடிகட்டினால் மேலுக்குத் தெளிவாகத் தெரியும். விஷம் பிரியாது. அது தண்ணீரிலும் கரையும், ஸ்பிரிட்டிலும் கரையும். தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நம்பிக் குடிப்பார்கள். சிலருக்கு வாந்தியோடு போகும். சிலருக்குக் கண் போகும்.

ஜெகந்நாதன் சாருடைய லேப் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே எல்லா பாட்டிலும் லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி நிற்கும். ஒன்று திரும்பியிருந்தால் யார் தொட்டது என்று கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார். "ஒண்ணுமில்ல, தெரிஞ்சுக்கத்தான்" என்பார். அவருடைய ஒரு குணம் எனக்கு ஆரம்பத்திலேயே விசித்திரமாகப் பட்டது. நாம் கேட்காத கேள்விக்கு அவரே காரணம் சொல்வார். "இந்த ஜன்னலை மூடச் சொன்னது தூசிக்காகத்தான்" என்பார். ஏன் மூடினீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் வேலையில் நேர்மை. "முதல்ல எழுதுங்க, அப்புறம் ஆட்டுங்க" என்பது அவர் சட்டம். எந்தப் பொருளையும் கரைத்துப் பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு கரையும் என்று கணித்து எழுதிவிட வேண்டும். உருகுநிலையிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு பொருள் உருகுவதற்கு எவ்வளவு சூடு கேட்கிறதோ, அந்த அளவுக்கு அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். இறுக்கம் அதிகமானால் கரைவது குறையும். அதற்கு கிராஃபில் ஒரு கோடு வரைந்து வைத்திருந்தோம். பிறகு அந்தப் பொருள் ஆல்கஹாலோடு எவ்வளவு ஒட்டும் என்று பார்ப்போம். ஆல்கஹாலைக் கோத்துக்கொள்ளும் கை மாதிரியான ஹைட்ராக்சில் இருக்கிறதா, அது வெளியே தெரிகிறதா, பக்கத்துக் கையோடு கோத்துக்கொண்டு உள்ளேயே ஒளிந்திருக்கிறதா. எண்ணெய் மாதிரியான வால் எவ்வளவு நீளம். இதையெல்லாம் வைத்துக் கோட்டிலிருந்து மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று நகர்த்துவோம். கம்ப்யூட்டர் இன்று செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

அளந்து பார்ப்பதற்கு, பட்டு நூல் சுற்றுகிற பழைய ராட்டை ஒன்றை வாங்கி, மோட்டாரோடு பூட்டியிருந்தார். அதில் கண்ணாடிக் குழாய்களை மூடிக் கட்டிவிட்டால் தொட்டித் தண்ணீருக்குள் நாள் முழுக்கச் சுற்றும். தூள் கொஞ்சம் கரையாமல் அடியில் மிஞ்ச வேண்டும். அப்போதுதான் திரவம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் தெளிந்த பகுதியை பிப்பெட்டில் உறிஞ்சுவோம். பிப்பெட்டை லேசாகச் சூடு காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே படிந்துவிடும். ஸ்பிரிட்டை ஆவியாக்கி மிச்சத்தை எடை போடுவோம். கணித்ததும் எடையும் பக்கத்தில் வந்து நின்றால் ஜெகந்நாதன் சார் சந்தோஷப்பட மாட்டார். "ரெண்டு தப்பு சேர்ந்து சரியாயிருக்கலாம், இன்னொரு தடவை" என்பார்.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் போலிருக்கும். பாலிஷ் குடித்துச் செத்தவர்கள் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். ஒவ்வொரு பாலிஷ் கம்பெனியும் குடிக்க முடியாதபடி கசக்கிற பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும், எதைச் சேர்ப்பது என்று கம்பெனியே முடிவு செய்து தெரிவிக்கலாம் என்று மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கசப்பான பொருள்கள் பத்துப் பன்னிரண்டை ஜெகந்நாதன் சார் வரவழைத்தார். எனக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொன்றும் ஸ்பிரிட்டில் எவ்வளவு கரையும், தண்ணீர் சேரச் சேர எவ்வளவு கரையும் என்று கணித்து, அளந்து சொல்வது.

உற்சாகமாகத்தான் செய்தேன். செத்துப்போகிறவர்களைத் தடுக்கிற வேலை அல்லவா. கடைசியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பதாம் நம்பர்தான் சிறந்தது. ஒரு டிரம்முக்கு ஒரு சிட்டிகை போதும். நாக்கில் பட்டால் அரை நாள் வாய் கழுவ வேண்டும், ஆனால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஸ்பிரிட்டிலும் இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஆக மோசமானது நாலாம் நம்பர். கைப்பிடி கணக்கில் போட வேண்டும். ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். தண்ணீர் சேர்ந்தால் வெள்ளை ஊசி ஊசியாகப் படிந்து அரக்கோடு போய்விடும். கசப்பும் அதோடு போய்விடும்.

ஜெகந்நாதன் சார் நாலாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார்.

"ஒன்பது கிடைக்கறது கஷ்டம், எஸ்தரம்மா. சப்ளை நின்னுபோச்சுன்னா நாம மாட்டிப்போம். அதுக்காகத்தான்."

நான் காரணம் கேட்கவில்லை. இருந்தும் சொன்னார்.

அடுத்த வாரம் இன்னொரு வேலை கொடுத்தார். நாலாம் நம்பர் முழுசாகப் பிரிந்து வர எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணிக்கச் சொன்னார். "மழைத் தண்ணி டிரம்ல இறங்கிட்டா பாலிஷ் கலங்கிப்போகும். கஸ்டமர் கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க. எந்த அளவு வரைக்கும் தாங்கும்னு தெரியணும்." சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் அவர் கேட்டிருந்த அளவுகளைப் பார்த்ததும் பென்சில் நின்றது. பாதிக்குப் பாதி தண்ணீர், அதற்கும் மேல். ஆரணியில் எந்த மழை டிரம்முக்குள் பாதி தண்ணீரை இறக்கும்? பாதி தண்ணீர் விழுந்த பாலிஷை எந்தத் தச்சன் கதவில் பூசுவான்? கணித்துக் கொடுக்காமல், இன்னும் ராட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்லித் தள்ளிப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவரே அளந்து முடித்திருந்தார்.

அதிலிருந்து எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் டீ குடிக்கிறார், சாம்பிள் பாட்டிலைத் திறப்பதில்லை. லாரி வாரத்துக்கு ஒருமுறை வந்தது இப்போது மூன்று முறை வருகிறது. டிரம்களை ஏற்றுகிற கன்னியப்பன் ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, ரோதனையா கீது. ஏத்திகினே இருக்கறேன். இவ்ளோ பாலிஷு பூசறதுக்கு இந்த ஜில்லாவுல கதவு எங்க கீது?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவனுடைய தம்பி தணிகாசலம் எங்கள் தெருவிலேயே பட்டு நெய்கிறவர். பார்டர் வேலையில் கெட்டிக்காரர். ஒரு காலை வேளை கன்னியப்பன் அவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இட்டுக்கொண்டு வந்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் உண்டு என்பதற்காக. தணிகாசலம் வாசற்படியைக் காலால் தடவித் தடவி ஏறினார்.

"நூலு தெரியலங்க வாத்தியாரே" என்றார் அப்பாவிடம். "வெள்ளையா, புகையாட்டம் கீது. தறியில குந்தினேன், பாவு எங்க கீதுன்னே தெரியல."

"என்னப்பா சாப்பிட்ட?"

கன்னியப்பன்தான் சொன்னான். "பேஜார் புடிச்சவன், பாக்கெட் வாங்கிக் குடிச்சிருக்கான். கசக்கவே இல்லியாம். நல்ல சரக்குன்னு சொன்னாங்களாம்."

அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கசக்கவே இல்லை என்ற வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது ஆற்று மணல் வழியாக வந்தேன். கமண்டல நாகநதியில் தண்ணீர் இல்லாத மாதங்கள் அவை. முள்மரங்களுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி டின்கள் கிடந்தன. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் வடிகட்டிய துணி, பிழிந்துபோட்ட அரக்குக் கட்டிகள். ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே வெள்ளையாக ஊசி மினுங்கியது. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வரை நடந்தேன்.

திங்கட்கிழமை ஜெகந்நாதன் சார் சாப்பிடப் போன நேரத்தில் ஊசிகளைப் பிரித்தெடுத்துக் கழுவிக் காயவைத்து உருகுநிலை பார்த்தேன். நாலாம் நம்பருக்கு உரிய இடத்தில் உருகியது. அது போதாது. வேறு பொருளுக்கும் அதே உருகுநிலை இருக்கலாம். எங்கள் பாட்டிலிலிருந்த நாலாம் நம்பரோடு சரிபாதி கலந்து மறுபடி பார்த்தேன். இரண்டும் வேறு வேறு என்றால் கலவை சீக்கிரமே உருகிவிடும். இது இம்மி நகரவில்லை. ஆற்று மணலில் கிடந்தது எங்கள் லேபிலிருந்து போனதுதான். தண்ணீரை ஊற்றியவன் குத்துமதிப்பாக ஊற்றவில்லை. அளவு தெரிந்து ஊற்றியிருக்கிறான்.

இப்போது யாரிடம் சொல்வது? முதலாளியிடமா? இன்ஸ்பெக்டரிடமா? அவர் பாட்டிலைத் திறக்காதது சோம்பேறித்தனமா, வேறு எதுவுமா? கன்னியப்பனிடம் சொன்னால் தம்பியை நினைத்து நேராக முதலாளி சட்டையைப் பிடிப்பான். ஜெகந்நாதன் சார் தெரிந்து செய்கிறாரா, அவரையும் யாராவது மழைத் தண்ணீர்க் கதை சொல்லி ஏமாற்றினார்களா? அதுவே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் கையில் இருந்தது ஒரு அரக்குக் கட்டி. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு சாட்சி நான் மட்டும்.

அதற்குள் டிரம்கள் போய்க்கொண்டே இருந்தன.

கசப்புத் தூளை எடை போட்டு ஒரு பீக்கரில் கரைத்துக் கன்னியப்பனிடம் கொடுப்பது என் வேலை. அவன் டிரம்மில் ஊற்றிக் கலக்குவான். சோதனைக்கு வந்த ஒன்பதாம் நம்பர் பாட்டில் அலமாரியில் மிச்சம் இருந்தது. நாலாம் நம்பரை ஒரு கிராம்கூடக் குறைக்காமல் போட்டு, அதோடு ஒரு சிட்டிகை ஒன்பதையும் சேர்த்துவிட்டால்? ஸ்டாக் எண்ணினால் சரியாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் நாலு போய்விடும், ஒன்பது நிற்கும். குடிக்கிறவன் துப்பிவிடுவான்.

துப்புவானா என்பதுதான் கேள்வி. ஒன்பதை ஸ்பிரிட்டிலும் தண்ணீரிலும்தான் அளந்திருந்தேன். அரக்கோடு சேர்த்து அளக்கவில்லை. அரக்கு பிரியும்போது தன்னோடு பல பொருள்களை இழுத்துக்கொண்டு போகும். அது அமிலத் தன்மை உள்ளது, காரத் தன்மையுள்ள பொருளை விடாது. ஒன்பதையும் இழுத்துக்கொண்டால் என் வேலை வீண். லேபில் ஒரு குழாயில் கலக்கிப் பார்த்திருக்கலாம். ஜெகந்நாதன் சார் ராட்டையில் எத்தனை குழாய் சுற்றுகிறது என்று எண்ணுகிற மனிதர். ஆகவே கணிக்க மட்டும்தான் முடிந்தது. ஒன்பதின் அமைப்பை வரைந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் காரம் இல்லை. அரக்கு பிடிப்பதற்கு நீளமான வால் இல்லை. தண்ணீரோடு கோத்துக்கொள்ளும் கைகள் சுற்றிலும் இருந்தன. நிற்கும் என்று முடிவு செய்தேன். முதலில் எழுது, பிறகு ஆட்டு என்பது சட்டம். இந்த முறை எழுதவும் இல்லை, ஆட்டவும் இல்லை. நேராக டிரம்முக்குப் போகிற பீக்கரில் போட்டேன்.

கன்னியப்பன் பீக்கரை வாங்கிக்கொண்டு போய் டிரம்மில் ஊற்றிக் கலக்கினான்.

அதற்குப் பிறகு காத்திருந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பாலிஷ் கலங்கலாக இருக்கிறது என்று தச்சன் புகார் செய்யலாம். காயவில்லை என்று சொல்லலாம். கசக்கிறது என்று எந்தத் தச்சனும் சொல்ல மாட்டான். அப்படி ஒரு புகார் யார் வாயிலிருந்து வருகிறதோ, அவருக்கு எல்லாம் தெரியும். முதலாளியா, இன்ஸ்பெக்டரா, யார் வருவார்கள் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெகந்நாதன் சாராக இருக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அது உண்மை.

ஒரு வாரம் போனது. மதியம் லேபில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் என் மேஜை அருகே வந்து நின்றார்.

"எஸ்தரம்மா, ஒரு சின்ன விஷயம். போன வாரம் வந்த அரக்கு பழசா இருந்திருக்குமோ? சில சமயம் பழைய அரக்கு கசப்பாயிடும்."

அரக்கு பழசானால் சரியாகக் கரையாது. கசக்காது. அது எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"கசக்குதுன்னு யாரு சார் சொன்னாங்க?"

"கஸ்டமர். ஏஜென்ட் மூலமா வந்த கம்ப்ளைன்ட்."

"கதவுக்குப் பூசறவங்க பாலிஷை நாக்குல வெச்சா சார் பாக்கறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"நாலாம் நம்பர்தானே போட்டீங்க?"

"ஆமா சார். ஸ்டாக் பாத்துக்கலாம்."

"பாத்துட்டேன். சரியா இருக்கு." அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். "அதோட ஒன்பது."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அரக்கு அதை இழுத்துக்காதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். மிரட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். காரம் இல்லை, வால் இல்லை, தண்ணீரைப் பிடிக்கிற கைகள் இருக்கின்றன என்று சொன்னேன். என் வாய் தானாகச் சொன்னது. அவர் தலையாட்டினார்.

"சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க." பிறகு, "நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க. முதலாளி சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன். வீட்டுல சொல்லிட்டு, கொஞ்ச நாள் வெளியூர்ல இருங்க" என்றார்.

அது மிரட்டலா, என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்னதா என்று எனக்கு இன்று வரை தெரியாது. இந்த முறை அவர் காரணமே சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

கிளம்பும்போது டிரம்மிலிருந்து ஒரு சின்ன பாட்டில் பாலிஷ் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அப்பாவோடு வேலூர் பஸ் ஏறினேன். ஆரணி இன்ஸ்பெக்டருக்கு மேலே இருந்த அதிகாரியைப் பார்த்து அரக்குக் கட்டியையும் பாட்டிலையும் மேஜையில் வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஊர் திரும்பினால் வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டரின் ஜீப். "என்ன மேடம், என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். அவர் கோபம் அவமானப்பட்டவனின் கோபமா, மாட்டிக்கொண்டவனின் கோபமா என்று பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். முதலாளி கொடுத்த வாக்குமூலத்தில் எல்லாப் பழியும் என் மேல். எது ஸ்பிரிட்டில் கரையும், எது தண்ணீரில் பிரியும் என்று கண்டுபிடித்தது அந்தப் பெண்தான், அவளே வெளியாட்களுக்குச் சொல்லியிருக்கிறாள் என்றார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "கணிச்சது நீங்கதானே?" ஆமாம். "உத்தரவில்லாம டிரம்ல வேற பொருள் சேர்த்தது நீங்கதானே?" ஆமாம். "அப்புறம் உங்களை எப்படிம்மா நம்பறது?" நியாயமான கேள்வி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அப்பா வெளியே பெஞ்சில் பைபிளைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பல வாரம் அப்படிப் போனது. பிறகு ஜெகந்நாதன் சார் தானாகப் போய் வாக்குமூலம் கொடுத்தார். பிரிகிற பொருளைத் தேடியது தான், தண்ணீர் அளவை அளந்து ஏஜென்ட்டிடம் சொன்னது தான், அந்தப் பெண்ணிடம் மழைத் தண்ணீர் என்று பொய் சொன்னது தான், இதையெல்லாம் செய்யச் சொன்னது முதலாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை விட்டுவிட்டார்கள். கேஸ் இழுத்தது. முதலாளி பக்கம் நல்ல வக்கீல். அவர் தப்பித்தார். ஜெகந்நாதன் சார் உள்ளே போனார்.

தணிகாசலத்துக்குப் பார்வை பாதிதான் திரும்பியது. வெளிச்சமும் ஆள் உருவமும் தெரியும், நூல் தெரியாது. தறியை அவர் மனைவி எடுத்துக்கொண்டார். நான் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆல்கஹாலில் மருந்தைக் கரைத்து டானிக் செய்கிற இடம். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான். யார் எதைக் கணிக்கச் சொன்னாலும் எதற்கு என்று கேட்பேன். பதில் வந்தால் அதையும் சரிபார்ப்பேன். என்னோடு வேலை செய்தவர்களுக்கு அது எரிச்சல்தான்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவைப் பார்க்க ஆரணி போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி மட்டும் அதே தடிமன். டியூஷன் எடுக்கிறேன் என்றார், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. "வெயிலா இருக்கு" என்று சொல்லி, பக்கத்துக் கடையில் இரண்டு லெமன் சோடா வாங்கி வந்தார். பெஞ்சில் நடுவில் இரண்டு கிளாஸையும் வைத்தார்.

ஏன் அந்த வாக்குமூலம் கொடுத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பார். அதை நான் நம்பியிருக்க மாட்டேன். அதனால் கேட்கவில்லை.

வேலூர் பஸ் வந்து நின்றது. என் கிளாஸ் அப்படியே இருந்தது. அவர் அதைக் கவனித்தார். என் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு தன் கிளாஸிலும் ஒரு வாய் குடித்தார். இரண்டையும் மறுபடி பெஞ்சில் வைத்து, "எது வேணுமோ எடுத்துக்குங்க, எஸ்தரம்மா" என்றார்.

எடுத்துக் குடித்தேன்.